மியாட்டாவில் டார்சன் டிஃபரன்ஷியல் மாட்டுவது: முதல்முறை செய்பவர்களுக்கு

எங்கள் வயலில் டிராக்டர் சேற்றில் சிக்கினால் அப்பா செய்வது ஒரே காரியம்தான். ஒரு பக்கச் சக்கரம் சேற்றை வாரி இறைத்தபடி வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு சக்கரம் அசையாது. அப்பா காலடியில் இருக்கும் ஒரு சின்னப் பெடலைக் குதிகாலால் மிதிப்பார். உடனே இரண்டு சக்கரமும் சேர்ந்து சுற்றும். வண்டி முக்கி முனகி வரப்பேறிவிடும். அதற்கு டிஃப் லாக் என்று பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. இருபது வருடம் கழித்து டொராண்டோவுக்குப் பக்கத்தில், மழை பெய்த ஒரு சாயங்காலம், என்னுடைய 1991 மாடல் மாஸ்டா மியாட்டா ஒரு சந்திப்பில் இடது பக்கம் திரும்பியது. உள்பக்கப் பின் சக்கரம் மட்டும் கிர்ரென்று சுற்றியது, வண்டி நகரவில்லை. எதிரே லாரி வந்துகொண்டிருந்தது. அப்போது அந்தப் பெடல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்தக் குறையை நான் எப்படிச் சரிசெய்தேன் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் கார் 1990 முதல் 1993 வரை வந்த 1.6 லிட்டர் மியாட்டா. உலகின் பல நாடுகளில் இதன் பெயர் எம்எக்ஸ்-5. உங்களிடம் வேறு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தாலும் யோசிக்க வேண்டிய வரிசை இதேதான். அளவுகளை மட்டும் உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண டிஃபரன்ஷியலில் என்ன குறை

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன, இழுப்பது மாடு. காரில் சக்கரத்தையே சுற்றி வண்டியை நகர்த்த வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும், உள்பக்கச் சக்கரம் குறைவாகப் போகும். இரண்டையும் ஒரே தண்டில் கட்டிப்போட்டால் ஏதாவது ஒரு டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே போகும். இதற்குத் தீர்வாக, பிரான்சில் ஓனேசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரத் தொழிலாளி 1827-ல் நீராவி வண்டிக்கென்று, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல் சக்கர அமைப்புக்கு, அதாவது டிஃபரன்ஷியலுக்கு, காப்புரிமை வாங்கினார். இன்றும் பெரும்பாலான கார்களில் இருப்பது அந்த யோசனைதான்.

அதில் ஒரு சிக்கல். சாதாரண டிஃபரன்ஷியல், ஓப்பன் டிஃப் என்பார்கள், இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு விசையைத்தான் கொடுக்கும். ஈரத்தில் நிற்கும் சக்கரத்தால் கொஞ்சம்தான் தாங்க முடியும் என்றால், காய்ந்த தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். பலவீனமான சக்கரமே வண்டியின் மொத்த இழுவையையும் தீர்மானித்துவிடுகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் வேகமாக வளையும்போது எடை முழுக்க வெளிப்பக்கம் சாய்கிறது, உள்பக்கச் சக்கரம் லேசாகிவிடுகிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த லேசான சக்கரம் சுற்றும், எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது.

1930-களில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரில் ஃபெர்டினாண்ட் போர்ஷே சந்தித்ததும் இதே தொல்லைதான். எஞ்சினில் அவ்வளவு சக்தி இருந்தது. நல்ல வேகத்தில் போகும்போதுகூட ஒரு பின் சக்கரம் பிடியை விட்டுச் சுற்றியது. 1935-ல் அவர் இசட்எஃப் நிறுவனத்திடம் சொல்லி, வழுக்கலுக்கு வரம்பு கட்டும் ஒரு டிஃபரன்ஷியலைச் செய்யவைத்தார். லிமிட்டெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி.

எந்த வகை

கடையில் எல்எஸ்டி என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு விதமான சாமான்கள் கிடைக்கும். குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

விஸ்கஸ் வகையில் கெட்டியான சிலிக்கோன் திரவத்துக்குள் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகுதான் திரவம் இறுகி இன்னொரு பக்கத்துக்கு விசையைக் கடத்தும். 1.6 மியாட்டாவுக்கு மாஸ்டாவே ஆப்ஷனாகக் கொடுத்தது இதைத்தான். மென்மையாக இருக்கும், உண்மைதான். ஆனால் முப்பது வருடம் பழசான திரவம் தன் வேலையை மறந்துவிட்டிருக்கும். நீங்களே திறந்து சரிசெய்யவும் முடியாது. இன்று தேடிப்போய் இதை வாங்காதீர்கள்.

பிளேட் வகை பந்தயத்துக்கானது. கிளட்ச் தகடுகள் ஒன்றை ஒன்று அழுத்திப் பிடிக்கும். கஸ்கோ, காஸ், ஓஎஸ் கிகென் போன்ற ஜப்பான் நிறுவனங்களின் தயாரிப்புகள் பெயர் போனவை. ஒன்-வே என்றால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் பூட்டும். டூ-வே என்றால் காலை எடுக்கும்போதும் பூட்டும். ஒன்றரை வே இரண்டுக்கும் நடுவில். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் இது வேலை செய்யும், அதுதான் இதன் பெரிய பலம். பதிலுக்கு, பார்க்கிங்கில் மெதுவாகத் திருப்பும்போது பின்னால் முனகும், டக் டக்கென்று அடிக்கும். தகடு தேயும். குறிப்பிட்ட ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும், அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். தினமும் வேலைக்கு ஓட்டிப்போகும் காருக்கு முதல் எல்எஸ்டியாக நான் இதைச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, பல் சக்கர வகை. டார்சன், குவைஃப் எல்லாம் இந்தக் குடும்பம்தான். அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-ல் காப்புரிமை பெற்றது டார்சன். இதில் தகடும் கிடையாது, திரவமும் கிடையாது. திருகுப்பல் சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசும் விதத்தை வைத்தே, பிடி இருக்கும் சக்கரத்துக்கு இது அதிக விசையைத் தள்ளுகிறது. சக்கரம் சுற்றத் தொடங்கும்வரை காத்திருக்காது. விசை வரும் அந்தக் கணத்திலேயே வேலை செய்கிறது. சத்தம் இல்லை, தேய்மானம் மிகக் குறைவு, சாதாரண கியர் ஆயிலே போதும். ஒரே ஒரு குறை: இது பெருக்கல் கணக்கில் இயங்குவது. பலவீனமான சக்கரம் தாங்குவதைப்போல இத்தனை மடங்கு என்றுதான் இன்னொரு பக்கத்துக்குத் தரும். ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் இருந்தால் பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான், ஓப்பன் டிஃப் மாதிரியே நின்றுவிடும். அப்போது பிரேக்கை லேசாகத் தொட்டால் சுற்றும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைக்கும், பெருக்குவதற்கு ஏதோ ஒன்று இருக்கும், வண்டி நகர்ந்துவிடும்.

ரோட்டுக்கும், மாதம் ஒரு தடவை டிராக்குக்கும் போகிற மியாட்டாவுக்கு டார்சன்தான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. ஓப்பன் டிஃபின் உள் பல்லையெல்லாம் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டால் செலவில்லாமல் முடியும் என்று சிலர் சொல்வார்கள். பொது ரோட்டில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள். ஈரமான வளைவில் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சில் முறியும்.

வாங்குவதற்கு முன்

நான்கு டயரும் நல்ல நிலையில் இருக்கிறதா? சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கிறதா? வீல் அலைன்மென்ட் கடைசியாக எப்போது பார்த்தது? இதையெல்லாம் முதலில் சரிபார்த்துவிடுங்கள். காய்ந்து கட்டையான டயரோடு எல்எஸ்டி போட்டால் ஒரு சக்கரத்துக்குப் பதில் இரண்டு சக்கரமும் வழுக்கும், அவ்வளவுதான். பின்னால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானம் உள்ள டயர்கள் இருப்பதும் அவசியம். அப்புறம், காப்பீட்டு நிறுவனத்திடம் இந்த மாற்றத்தைச் சொல்லி எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன வாங்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: முழு செட்டாக வாங்குங்கள், டிஃபரன்ஷியலைத் திறக்காதீர்கள்.

1.6 மியாட்டாவின் டிஃபுக்குள் இருக்கும் பெரிய பல் சக்கரமான கிரவுன் வீல் 6 அங்குலம். எஞ்சினின் 116 குதிரைத்திறனுக்கு அது போதும். பின்னாளில் டர்போ வைத்தால் தாங்காது, பல் உடையும் என்பது மியாட்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1994 மாடலில் 1.8 எஞ்சின் வந்தபோது மாஸ்டா 7 அங்குலத்துக்கு மாற்றியது, விஸ்கஸுக்குப் பதில் டார்சனைக் கொடுத்தது. முதல் இரண்டு வருடம் டைப் 1, 1996 முதல் டைப் 2. இரண்டுமே நல்லவைதான். கூடு சற்றே பெரிது, ஆனால் பழைய காரின் அதே இடத்தில் உட்காரும். ஆக, பழைய 6 அங்குல டிஃபுக்கு விலை உயர்ந்த எல்எஸ்டி வாங்கிப் போடுவதைவிட, 1.8 காரின் டார்சனை அப்படியே எடுத்து மாட்டுவது பலத்திலும் பணத்திலும் லாபம்.

அப்படியே என்றால் மூன்று சாமான்கள்: டிஃபரன்ஷியல் கூடு முழுசாக, இரண்டு பின் ஆக்சில்கள், கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்கு விசையைக் கொண்டுவரும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்ட். 1.8-ன் டிஃபில் 1.6-ன் ஆக்சில் பொருந்தாது. ஷாஃப்டை மாட்டும் முன் பக்கத்து வட்டு, அதாவது ஃபிளாஞ்ச், மாறியிருப்பதால் பழைய ப்ரொபெல்லர் ஷாஃப்டும் சேராது. ஆனால் ஆக்சிலின் வெளி முனை, சக்கரத்தைத் தாங்கும் உங்கள் பழைய ஹப்பில் சரியாக நுழையும், புது ஷாஃப்டின் முன் முனை உங்கள் பழைய கியர்பாக்ஸில் நுழையும். மூன்றையும் ஒரே காரிலிருந்து எடுத்தால் பொருந்துமா என்ற கவலையே இல்லை.

இங்கே நான் ஏமாந்த கதையைச் சொல்ல வேண்டும். பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஒருவரிடம் போனில் பேசி, டார்சன் என்று அவர் உறுதியாகச் சொன்னதை நம்பி, இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய்ப் பணத்தைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன். கூட்டின் மேல் வெள்ளை மார்க்கரில் எல்எஸ்டி என்று பெரிதாக எழுதியும் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்துத் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தால், நடுவில் குறுக்கே ஒரு கம்பி. ஓப்பன் டிஃப். திருப்பி வாங்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை.

அந்தக் குறுக்குக் கம்பிதான் உங்களுக்கான சோதனை. ஆக்சில்களைப் பிடுங்கிவிட்டு ஒரு பக்கத் துளை வழியாக டார்ச் அடியுங்கள். ஓப்பன் டிஃபில் சின்னப் பல் சக்கரங்களைத் தாங்கும் கம்பி குறுக்கே நின்று மறைக்கும். டார்சனில் குறுக்கே எதுவும் இருக்காது, வெளிச்சம் மறுபக்கம் போகும். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் மறு சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். டார்சன் விஷயத்தில் அதை நம்ப முடியாது. டார்ச் பொய் சொல்லாது.

அதோடு டிரெய்ன் பிளக்கைக் கழற்றச் சொல்லிக் காந்த முனையைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் அது இயல்பு. விரலில் குத்தும் செதில்களோ பல்லின் துண்டோ இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். முன் ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள், எங்கேயும் கரகரப்பு இருக்கக் கூடாது. மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கவே கூடாது.

ஏன் திறக்கக் கூடாது என்கிறேன்

விலை குறைவாக ஒரு ஓப்பன் 7 அங்குல டிஃப், தனியாக ஒரு டார்சன் மட்டும் கிடைத்தால், இரண்டையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். முடியும். ஆனால் அது புதியவர் செய்யும் வேலை அல்ல. கிரவுன் வீலும் அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல் சக்கரமான பினியனும் ஜோடியாகத் தயாரிக்கப்பட்டவை, ஜோடியாகவே வாழ வேண்டியவை. அவற்றின் பற்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு வெள்ளைத் தாளின் கனம். அதை டயல் கேஜ் வைத்துப் பல இடங்களில் அளக்க வேண்டும். பேரிங்கின் அழுத்தத்தைச் சரியாக வைக்க வேண்டும். பல்லில் சாயம் தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, விளிம்பில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். தப்பாக வைத்தால் முதல் நாளே தெரியாது. சில நூறு கிலோமீட்டர் கழித்து ஊளையிட ஆரம்பிக்கும், அதற்குள் பல் போயிருக்கும். அந்த வழிதான் வேண்டுமென்றால் கூட்டை டிஃபரன்ஷியல் வேலையே செய்யும் கடையில் கொடுத்து வாங்குங்கள். மாட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள்.

அதே காரணத்தால் பினியன் நட்டையும் தொடாதீர்கள். பக்கவாட்டு ஆயில் சீல் இரண்டையும் தயங்காமல் புதிதாக மாற்றலாம், மாற்றவும் வேண்டும். முன்பக்க பினியன் சீல் ஒழுகவில்லை என்றால் அப்படியே விடுங்கள். அந்த நட்டுக்குக் கீழே நசுங்கி அளவு எடுத்துக்கொள்ளும் ஒரு குழல் இருக்கிறது. நட்டைக் கழற்றி மறுபடி முறுக்கினால் பேரிங் அழுத்தம் மாறிவிடும்.

ஸ்பீடோமீட்டர் விஷயம்

சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் கடைசி விகிதம். 1.6-ல் அது 4.30, 1994 முதல் 1997 வரை வந்த 1.8-ல் 4.10. மியாட்டாவின் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸின் வாலிலிருந்து கேபிள் மூலம் ஓடுவது. சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது என்று அதற்குத் தெரியாது. மாற்றத்துக்குப் பிறகு முள் 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 105 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். கேபிள் முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கியரை 4.10-க்கு உரியதாக மாற்றினால் சரியாகிவிடும். பழைய கார் பிரிக்கும் இடத்துக்குப் போகும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். நீண்ட பயணத்தில் காது சந்தோஷப்படும், பிக்கப் லேசாகக் குறைவது தெரியும்.

கழற்றுவது

ஒன்டாரியோ மாதிரி குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டும் இடமென்றால் இந்த வேலையின் பாதி நேரம் துருவோடுதான் போகும். ஒரு வாரத்துக்கு முன்பே, தினம் ஒரு தடவை, பின்பக்க போல்ட்டுகளுக்கெல்லாம் துரு இளக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். முதல்முறை செய்பவர்கள் ஒரு சனி ஞாயிறு முழுக்க ஒதுக்குங்கள். துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

வண்டி தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டிய முதல் வேலை, பின் ஹப்பின் நடுவில் இருக்கும் ஆக்சில் நட். சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினால் தெரியும். நட்டின் விளிம்பை ஆக்சிலின் பள்ளத்துக்குள் உளியால் அடித்து மடக்கி வைத்திருப்பார்கள், அதை நிமிர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, நீளமான கைப்பிடியில் 29 மில்லிமீட்டர் சாக்கெட் மாட்டி இளக்குங்கள். முழுக்கக் கழற்ற வேண்டாம்.

அப்புறம் வண்டியைத் தூக்கி நான்கு மூலையிலும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். நிறுத்திய பிறகு வண்டியைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். அதன் கீழே படுத்து நீங்கள் பலம் போட்டு இழுக்கப் போகிறீர்கள்.

ஆயிலை வடிப்பதற்கு முன்னால் மேலே இருக்கும் ஃபில் பிளக்கைக் கழற்றுங்கள். வரிசை முக்கியம். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிக் கிடந்தால் வண்டி நகர முடியாமல் நின்றுவிடும். புதிதாக வாங்கிய டிஃபிலும் இதே சோதனையைத் தரையில் வைத்தே செய்துவிடுங்கள்.

பின்பக்க எக்ஸாஸ்ட் குழாயையும் சைலன்சரையும் கழற்றி ஓரமாக வையுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். அது வந்ததும் கியர்பாக்ஸின் வாலிலிருந்து ஆயில் கொட்டும். தடித்த பிளாஸ்டிக் பையை அங்கே இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸின் மீது பாரம் விழக் கூடாது. ஏபிஎஸ் இருக்கும் கார் என்றால் அதன் ஒயரையும் விடுவியுங்கள். இனி ஹப்பைத் தாங்கும் பகுதியை சஸ்பென்ஷனின் மேல் கையோடு இணைக்கும் போல்ட்டை உருவினால், அந்தப் பகுதி முழுக்க வெளிப்பக்கம் சாயும். அந்த இடைவெளி ஆக்சில் வெளியே வரப் போதும். கீழே இருக்கும் நீண்ட போல்ட்டைத் தொடவே வேண்டாம், துருப்பிடித்த காரில் அது ஒரு நாளைத் தின்றுவிடும். ஆக்சில் ஹப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் மரை மீது சுத்தியலால் அடிக்காதீர்கள். பழைய நட்டை முனையோடு சமமாக வரும்வரை திருகிவிட்டு, பித்தளை அல்லது செம்புச் சுத்தியலால் தட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் புல்லர் வாடகைக்கு எடுங்கள்.

அடுத்தது பிபிஎஃப். பவர் பிளாண்ட் ஃப்ரேம் என்பதன் சுருக்கம். கியர்பாக்ஸின் வாலையும் டிஃபின் மூக்கையும் இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் இது. மியாட்டாவின் கியரை மாற்றும்போது கையில் தெரியும் அந்தக் கச்சிதத்துக்கு இதுவும் ஒரு காரணம். கியர்பாக்ஸின் பின்முனையைத் தாங்கிப் பிடிப்பதே இந்தச் சட்டம்தான். அதனால் கழற்றுவதற்கு முன் கியர்பாக்ஸுக்கு அடியில் மரத்துண்டு வைத்து ஒரு ஜாக்கி கொடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சினோடு சேர்ந்து எல்லாம் பின்னால் தொங்கும். சட்டத்தின் மேலே கிளிப்பில் ஓடும் ஒயர்களை விடுவியுங்கள். டிஃப் பக்கத்துப் பெரிய போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் சட்டம் வராது. ஒரு போல்ட் ஓட்டைக்குள் இருக்கும் உலோகக் குழல் ஒன்று டிஃபோடு துருவில் ஒட்டிப் பிடித்திருக்கும். முதல்முறை செய்பவர்கள் நம்பிக்கை இழக்கும் இடம் இதுதான். ஆயில் அடியுங்கள், காத்திருங்கள், சுற்றித் திருப்பிப் பாருங்கள், அடுத்த நாள் வாருங்கள். அலுமினியச் சட்டத்தைக் கடப்பாரையால் நெம்பாதீர்கள், வளைந்தால் அதன் வேலையே போய்விடும்.

கடைசியாக டிஃபை டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் தாங்கிப் பட்டையால் கட்டி, கூட்டின் இரு பக்கமும் நீண்டு அதை வண்டியோடு பிடித்திருக்கும் இரண்டு காதுகளிலும் இருக்கும் நட்டுகளைக் கழற்றி மெதுவாக இறக்குங்கள். நெஞ்சில் வைத்து இறக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விரல் நசுங்கும் எடை அது.

மாட்டுவது

புது டிஃபின் கூட்டை வெளியே வைத்தே நன்றாகக் கழுவுங்கள். சீல்களை மாற்றுங்கள், உதட்டில் கிரீஸ் தடவுங்கள். காதுகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தால் இப்போதே மாற்றிவிட வேண்டும், பிறகு இவ்வளவு எளிதாகக் கை எட்டாது.

டிஃபை ஏற்றி, காதுகளின் நட்டுகளை விரலால் மட்டும் திருகி நிறுத்துங்கள். பிபிஎஃப் போல்ட்டுகளையும் அப்படியே. எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அதற்குச் சட்டத்தின் உயரத்தை எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்று மேனுவலில் படத்தோடு இருக்கிறது, அதைத் தாண்டிப் போகாதீர்கள். கோணம் தப்பினால் 90 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஒரு அதிர்வு வரும், அதன் காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அலுத்துவிடுவீர்கள். பிபிஎஃப் போல்ட்டுகளுக்கு 104 முதல் 123 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து.

ஆக்சிலின் உள் முனையில் இருக்கும் சின்ன கிளிப்பைப் புதிதாக மாற்றுங்கள். கிளிப்பின் வாய் மேலே பார்க்கட்டும். ஆக்சிலின் பல்வரிசை சீலின் உதட்டைக் கீறாமல் இரண்டு கையாலும் நேராகத் தாங்கி நுழையுங்கள். கடைசியில் ஒரு தள்ளு. டிக்கென்று ஒரு சத்தம், கைக்கும் தெரியும். பிறகு பிடித்து மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் சரி. சத்தம் கேட்காவிட்டால் உட்கார்ந்திருக்கும் என்று நம்பி மேலே போகாதீர்கள். உருவி மறுபடி செய்யுங்கள்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பிரேக், எக்ஸாஸ்ட் எல்லாம் கழற்றியதற்கு நேரெதிர் வரிசை. சஸ்பென்ஷன் போல்ட்டை மட்டும் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஆக்சில் நட் புதிதாக வாங்குங்கள், தரையில் இறக்கிய பிறகு 216 முதல் 294 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கி, விளிம்பைப் பள்ளத்துக்குள் அடித்து மடக்குங்கள்.

ஆயில்: 6 அங்குல டிஃபுக்கு 0.65 லிட்டர், 7 அங்குலத்துக்கு 1 லிட்டர். பழைய அளவை மனதில் வைத்து ஊற்றினால் குறைந்துவிடும். வண்டி சமமாக நிற்க, ஃபில் ஓட்டையிலிருந்து லேசாக வழியும்வரை ஊற்றுங்கள். ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90 போதும். டார்சன் வேலை செய்வதே உரசலால்தான், அதனால் பிளேட் வகைக்கான உரசல் குறைக்கும் கலவையை இதில் சேர்க்காதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து கொட்டிய ஆயிலையும் ஈடுகட்டிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை அலட்சியம் செய்யாதீர்கள். எல்எஸ்டி போட்ட காரில் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டு எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டுப் பார்க்கவே கூடாது. தூக்கிய சக்கரத்துக்குச் சின்னத் தடை கிடைத்தால்கூடத் தரையில் இருக்கும் சக்கரத்துக்கு விசை போகும், வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.

ஓட்டிப் பழகுவது

முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாக, ஜன்னலைத் திறந்துவைத்து, ரேடியோ இல்லாமல் போங்கள். மிதிக்கும்போது மட்டும் ஊளை, காலை எடுக்கும்போது மட்டும் ஊளை, இரண்டும் பல் சம்பந்தப்பட்டது. வேகத்தோடு கூடும் அதிர்வு என்றால் பிபிஎஃப் உயரத்தையும் ஷாஃப்டையும் பாருங்கள். வீட்டுக்கு வந்து கீழே ஒழுகல் இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். பின் சஸ்பென்ஷனில் கை வைத்ததால் அலைன்மென்ட் பார்க்கக் கொடுங்கள்.

அப்புறம் ஒரு மழை நாளில் காலியான பெரிய பார்க்கிங் இடத்துக்குப் போங்கள். அனுமதி கேட்டுக்கொண்டுதான். இரண்டாவது கியரில் வட்டமாக ஓட்டி மெதுவாக ஆக்ஸிலரேட்டரைக் கூட்டுங்கள். முன்பு உள்சக்கரம் சுற்றி, எஞ்சின் கத்தி, ஆபத்தில்லாமல் அங்கேயே முடிந்துவிடும். இப்போது வண்டி உங்களைப் பின்னாலிருந்து தள்ளும். இன்னும் மிதித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடியை விடும், வால் பகுதி வெளியே வரும். பழைய டிஃப் தந்த எச்சரிக்கை இனி இருக்காது. இந்த வித்தியாசத்தை ரோட்டில் லாரிக்கு முன்னால் கற்றுக்கொள்ளக் கூடாது, இங்கேதான் கற்றுக்கொள்ள வேண்டும். காலைச் சட்டென்று எடுக்காமல், கொஞ்சமாகக் குறைத்து, ஸ்டியரிங்கை வால் போகும் திசையிலேயே திருப்பி நேராக்கப் பழகுங்கள். ஒரு மணி நேரம் போதும், உடம்புக்குப் புரிந்துவிடும்.

பனியில் இன்னும் கவனம். எல்எஸ்டி இருந்தால் பனியில் தைரியமாகப் போகலாம் என்பது பாதி உண்மை. ஒரு சக்கரம் பனிக்கட்டியிலும் இன்னொன்று தாரிலும் நிற்கும் இடத்திலிருந்து கிளம்ப இது உதவும். இரண்டுமே பனியில் இருந்தால், ஓப்பன் டிஃபில் சுற்றாத அந்த ஒரு சக்கரமாவது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். இப்போது இரண்டும் சுற்றும், சரிவான ரோட்டில் வண்டி ஓரத்துக்கு நழுவும். குளிர்கால டயர் இல்லாமல் எடுக்காதீர்கள்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி வண்டியைத் தூக்கி, பிபிஎஃப், காதுகள், ஷாஃப்ட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். பழைய உரிமையாளர் என்ன ஊற்றியிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, அடியில் தங்கியிருந்த அழுக்கும் இப்போதுதான் கலங்கி வரும். காந்த முனையை விரலால் வழித்துப் பாருங்கள். என்னுடையதில் மெல்லிய சாம்பல் நிற மை மட்டும் இருந்தது, விரலிடுக்கில் தேய்த்தால் ஒரு துகள்கூடத் தட்டுப்படவில்லை. துடைத்து, புது வாஷர் போட்டு முறுக்கிவிட்டேன்.